களியும் ருசிக்க வேண்டும், உப்பும் குறைய வேண்டும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 52 வயது. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டான் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பைக் குறைத்துக் குழம்பு வைத்தால், ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று களித் தட்டைத் தள்ளிவிடுகிறார். இந்துப்புக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். அயோடின் சேர்த்த உப்பையே குறைவாகப் பயன்படுத்துங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். உங்கள் கணவர் சாப்பிடும் மாத்திரையே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. இரண்டும் சேர்ந்தால், அதிலும் சிறுநீரகம் பழுதாகியிருந்தால், இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு சிறு கரண்டிக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் உண்டென்றால் இன்னும் கூடுதலாக வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கையால் அள்ளிப் போடுவதை விட்டுக் கரண்டிக்கு மாறுங்கள்.

இனி ருசி. களியை உப்பில்லாமலே கிண்டுங்கள். தொட்டுக்கொள்வதில் காரசாரம் இருந்தால் போதும். கீரைக் கடைசலுக்குப் பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் தாராளமாகப் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு, உங்கள் ஊர்த் தக்காளியோடு கொஞ்சம் புளியும் சேர்த்து மத்தால் கடையுங்கள். புளிப்பு ஏறினால் குறைந்த உப்பே நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும். மாங்காய்க் காலத்தில் ஊறுகாய்க்குப் பதில் பருப்பில் நாலு துண்டு மாங்காய் போடுங்கள். பொரியலுக்கு இறக்கும்போது உப்பைத் தூவுங்கள். அது காய்க்குள் ஊறாமல் மேலேயே நிற்பதால் நாக்கில் முதலில் படும். கூடவே வறுத்த வேர்க்கடலையையும் சீரகத்தையும் பொடித்துத் தூவினால் வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரே நாளில் பாதியாகக் குறைத்ததால்தான் அவர் தட்டைத் தள்ளியிருப்பார். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு பழைய குழம்பே அவருக்குக் கரிக்கும். தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுக்க ஒரே குழம்பு வையுங்கள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.