காட்டுக்குள்ள மறைஞ்ச பழைய வரப்ப லேசர் எப்படிக் காட்டுது?

ப்ளேன்ல போய் லேசர் அடிச்சா ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின வயல் எப்படித் தெரியும்னு கேட்டிருக்கீங்க. நம்ம காங்கேயம் பக்கம் சாயங்காலம் கொறங்காட்டுல, அதாவது மேய்ச்சல் நிலத்துல, நின்னு பாருங்க, உச்சி வெயில்ல சமமாத் தெரிஞ்ச நிலம் பொழுது சாயறப்போ சின்ன மேடு பள்ளத்துக்குக்கூட நீளமா நிழல் விழுந்து அப்படியே எந்திரிச்சு நிக்கும்ங்க, அதே வேலையத்தான் இங்க கம்ப்யூட்டர் பண்ணுது.

இந்த லேசர் முறைக்கு லைடார்னு பேரு. செகண்டுக்கு லட்சக்கணக்குல லேசர் துடிப்பு கீழ போகும், நெறய எலையில பட்டுத் திரும்பிரும், கொஞ்சம் எலைச் சந்துல பூந்து தரையத் தொட்டுட்டு வரும். போய்வர ஆன நேரத்த வெச்சு உயரத்தக் கணக்குப் போட்டு, மரத்தையெல்லாம் கழிச்சுட்டா வெறும் தரை மிஞ்சும், அதுமேல சாஞ்ச வெளிச்சம் விழற மாதிரி படம் போடுவாங்க.

நெதர்லாந்துல வெலுவ காட்டுக்குள்ள இப்படித்தான் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா வயல் தெரிஞ்சுது. ஒரு கட்டம் ஏறக்குறைய 40 மீட்டர், வரப்பு அகலம் ஆனா உயரம் ரொம்பக் கம்மி, நடந்து போனா காலுக்கே தெரியாதுங்க! வெண்கலக் காலக் கடைசியில, அதாவது ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி, இருந்து ரோமர் காலம் வரைக்கும் உழுத நிலம் அது.

ஆனா படம் வயசச் சொல்லாது. வரப்பு மேல ரோமர் ரோடு குறுக்க வெட்டிப் போனா வரப்புதான் மூத்ததுன்னு புரியும், மத்தபடி குழி தோண்டி மண்ணையும் கரியையும் லேப்ல பாத்தாத்தான் உறுதி.