மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் 'நிறுத்து' என்று தோன்றுகிறதே, அது உடம்பா, மனசா?

இரண்டும்தான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) பலருக்கு அந்தத் தூரத்தில்தான் வற்றத் தொடங்கும். ஓடும்போதே மாவுச்சத்து எடுத்தாக வேண்டும், வைராக்கியம் அதை ஈடுகட்டாது.

ஆனால் மனசின் பங்கையும் லேசாக நினைக்காதீர்கள். 2009-இல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரின் குழுவினர் 16 பேரை 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் வேலை செய்ய வைத்து, அப்புறம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வேறொரு நாள், வெறும் ஆவணப்படம் பார்த்துவிட்டு வந்தபோது சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், இப்போது 640-லேயே ஓய்ந்துவிட்டார்கள். இதயமோ தசையோ காரணமில்லை. 'கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வு தொடக்கத்திலிருந்தே கூடுதலாக இருந்தது. அதனால் பந்தயத்துக்கு முந்தின நாள் மண்டை காயும் வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றே சொல்வேன்.

தனக்குத்தானே பேசுவதும் பயிற்சிதான். 2014-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் அப்படிப் பழகியவர்கள் சைக்கிளில் முன்பைவிடச் சுமார் 18 சதவீதம் அதிக நேரம் தாங்கினார்கள். 'அடுத்த தண்ணீர் மேஜை வரைக்கும் இதே வேகம்' மாதிரி சின்ன வாக்கியம் போதும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்களிலேயே சொல்லிப் பழகுங்கள், பந்தய நாளில் புதிதாகத் தேடினால் வராது.

சரி, ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் பேச்சே வேண்டாம், உடனே நின்றுவிடுங்கள். காயத்தால் ஓட முடியாமல் போய், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் எதிலும் ஈடுபாடும் இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.