டிஜாக்சின் செடியில இருந்துதான் வருது, அதுக்காக செடியையே குடுத்துடலாமா?

அப்பாவுக்கு ஹார்ட் வீக்கா இருக்குன்னு டாக்டர் டிஜாக்சின் எழுதியிருக்கார், அது ஏதோ பூச்செடி இலையில இருந்து எடுக்குற மருந்தாமே, அப்ப மாத்திரைக்குப் பதிலா மூலிகையாவே குடுத்தா பக்கவிளைவு இல்லாம இருக்கும்லன்னு கேட்டிருக்கீங்க.

தயவுசெஞ்சு குடுக்காதீங்க. எங்க அம்மா 9 வருஷமா இந்த மாத்திரைய சாப்பிடுறாங்க, சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்ததுல வால்வு சுருங்கிப்போய் இப்ப ஹார்ட் பீட் தாறுமாறா ஓடும், அதை அடக்கி வைக்கத்தான் டிஜாக்சின். அதனால இதப்பத்தி எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மூணு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு ரெண்டு மூணு நாளா வயித்தால போச்சு. டிஜாக்சினையும் நீர் மாத்திரையையும் நான் வழக்கம்போல டைமுக்கு குடுத்துட்டே இருந்தேன், வயித்தால போறதுக்கும் ஹார்ட் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தோணவே இல்ல. நாலாம் நாள் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுதுன்னாங்க. மறுநாள் காலைல ரெண்டு இட்லி, தேங்கா சட்னி வச்சேன், தட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஏண்டி, சட்னில மஞ்சப்பொடியா போட்ட?"ன்னு கேட்டாங்க. சட்னி வெள்ளை வெளேர்னு இருக்கு. இட்லியும் மஞ்சளா தெரியுது, சுவரும் மஞ்சளா தெரியுதுன்னாங்க. கையப் பிடிச்சு பல்ஸ் எண்ணுனேன், நிமிஷத்துக்கு 42. அப்படியே ஆட்டோ பிடிச்சு ஓடுனோம்.

ரத்தத்துல பொட்டாசியம் 2.9க்கு இறங்கியிருந்துச்சு, டிஜாக்சின் அளவு ஏறியிருந்துச்சு. மாத்திரைய நிறுத்தி, ட்ரிப்ஸ்ல பொட்டாசியம் ஏத்தி, மானிட்டர மாட்டி நாலு நாள் வச்சிருந்து அனுப்புனாங்க. டோஸ் ஒண்ணும் கூடல, டாக்டர் எழுதுன அதே மாத்திரைதான். உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் குறைஞ்சதும் மருந்தே விஷமா மாறிடுச்சு.

அது ஏன்னு அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஹார்ட் தசையில ஒவ்வொரு செல்லுலயும் சோடியத்தை வெளிய தள்ளி பொட்டாசியத்தை உள்ள இழுக்குற ஒரு பம்ப் இருக்கு, டிஜாக்சின் போய் அந்த பம்ப்ல ஒட்டிக்கிட்டு அதை மந்தமாக்கும். சோடியம் உள்ள தேங்கும், அதனால கால்சியமும் வெளிய போகாம தங்கும், கால்சியம் கூடுனா தசை இன்னும் அழுத்தமா சுருங்கும். இதயத்துக்கு வலு வர்றது இப்படித்தான். பொட்டாசியமும் அதே பம்ப்ல போட்டி போடுற ஆளு, அது குறைஞ்சா டிஜாக்சின் இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். அதே மாத்திரை டபுள் மடங்கு வேலை செய்யுற மாதிரி ஆயிடும்.

இந்த மருந்தோட கதையே அளவோட கதைதான். இங்கிலாந்துல ஷ்ரோப்ஷயர் பக்கம் ஒரு பாட்டிம்மா உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்குனவங்களுக்கு ஒரு குடும்ப வைத்தியம் பண்ணிட்டிருந்தாங்க, 20க்கு மேல மூலிகை போட்ட கலவை. 1775ல வில்லியம் விதரிங்ங்கிற டாக்டர்கிட்ட அதப்பத்தி கருத்து கேட்டாங்க, வேலை செய்யுறது ஃபாக்ஸ்குளோவ் செடிதான்னு அவர் கண்டுபிடிச்சார். ஆனா அதுக்கப்புறம்தான் பெரிய வேலை. எப்ப பறிச்ச இலை, எவ்வளவு பொடி, எத்தனை நாள்னு 10 வருஷம் ஒவ்வொரு நோயாளியா பாத்து, தப்புனது செத்தது எல்லாத்தையும் எழுதி 1785ல புத்தகமா போட்டார். குமட்டல், பல்ஸ் இறங்குறது, பொருளெல்லாம் மஞ்சளா பச்சையா தெரியுறது எல்லாம் அதுல இருக்கு. எங்க அம்மா சட்னியில பாத்த மஞ்சள அவர் அப்பவே எழுதி வச்சிருக்கார், அதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அவ்வளவு கவனமா இருந்தும் இலைங்கிறதுல மருந்தோட அளவு செடிக்குச் செடி, மாசத்துக்கு மாசம் மாறுது. 1930ல கம்பளி ஃபாக்ஸ்குளோவ்ங்கிற இன்னொரு வகையில இருந்து டிஜாக்சினை தனியா பிரிச்சதுக்கப்புறம்தான் இந்த மாத்திரையே. பெரிய மாத்திரையில இருக்குறது 0.25 மில்லிகிராம், ரத்தத்துல ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் (ஒரு கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு) கூட வேண்டாம், 2 தாண்டுனாலே ஆபத்துன்னு சொல்றாங்க. இதை கையால அள்ளிப்போட்டு கஷாயம் வச்சு எப்படி அளப்பீங்க?

நம்ம ஊர்லயே இதே ஜாதி விஷம் இருக்கு. செவ்வரளி, பொன்னரளி, நரிவெங்காயம், மூணுமே இதே பம்ப்லதான் கை வைக்கும். கோயில் மாலைக்கும் ஹைவே நடுவுலயும் இருக்குற அரளிதான். இலங்கையில பொன்னரளி விஷத்துக்கு, டிஜாக்சினுக்குன்னு செஞ்ச முறிமருந்தையே குடுத்துப் பாத்து பலன் இருக்குன்னு 2000ல ஆய்வு வந்துச்சு, ரெண்டும் அவ்வளவு நெருங்குன சொந்தம். யாராச்சும் அரளி வேர் மருந்துன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

மருதம்பட்டை வேற. அது இந்த வகை விஷமில்ல, எங்க அத்தை கூட பொடி வாங்கிட்டு வந்தாங்க. சின்னச் சின்ன ஆய்வுகள்ல கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு, அதுக்கு மேல பெருசா நிரூபணம் இல்ல. குடுக்கணும்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடுங்க, மாத்திரைய நிறுத்திட்டு மட்டும் குடுக்காதீங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, 6,800 பேரை வச்சு செஞ்சு 1997ல வெளியான ஆய்வுல டிஜாக்சின் ஆயுசைக் கூட்டல, ஆனா ஹார்ட் ஃபெயிலியர்னு ஆஸ்பத்திரியில சேர்றது குறைஞ்சுது. அதனால அப்பாவுக்கு எதுக்காக எழுதியிருக்கார்னு கேளுங்க. கிட்னி எப்படி இருக்குன்னும் கேளுங்க, ஏன்னா இது பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளியேறும். புதுசா ஆன்டிபயாடிக் எழுதுனா டிஜாக்சின் சாப்பிடுறார்னு வாயத்திறந்து சொல்லிடுங்க, கிளாரித்ரோமைசின் மாதிரி சிலது இதோட அளவை ஏத்திவிடும்.

நான் இப்ப அம்மாவுக்கு மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி பல்ஸ் எண்ணி காலண்டர்லயே எழுதிடுவேன். 60க்குக் கீழ போனா குடுக்காம டாக்டருக்கு போன் பண்ணணும், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு மாத்திரை வாரத்துல அஞ்சு நாளா ஏழு நாளா, வயித்தால போனா வாந்தி வந்தா என்ன செய்யணும், இதெல்லாம் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க. இன்னைக்கு அம்மாவுக்கு 72.