வெள்ளைப் பூனையின் காதில் ஆறாத பொருக்கு

ஆச்சி, பூனையின் கழுத்து மரு பேத்திக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். பூனையை எங்கும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். அந்த மரு உங்கள் பேத்திக்கு ஒட்டாது. பூனையின் தோலிலிருந்து பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தொற்றுவது படர்தாமரை. அதில் முடி வட்டமாகக் கொட்டித் தோல் செதில் செதிலாக உரியும், பொதுவாகக் கட்டி வராது. தாடையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பருதான். பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டில் சோறு வையுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: காது நுனியில் ஒரு பொருக்கு, 2 மாதமாக உதிர்வதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. 9 வயது வெள்ளைப் பூனை, பகலெல்லாம் வளவு முற்றத்தில் வெயில் விழும் இடத்தில்தான் படுத்திருக்கும் என்றும் சொல்கிறீர்கள். வெள்ளைப் பூனையின் காது நுனியில் முடி குறைவு, வெயிலைத் தாங்கும் நிறமியும் இல்லை. வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வரலாம். அது பெரும்பாலும் கட்டியாகத் தொடங்காது. முதலில் சிவக்கும், பிறகு பொருக்குத் தட்டும், லேசாக ரத்தம் கசியும், விளிம்பு அரித்துக்கொண்டே போகும். சண்டையில் பட்ட கீறல் என்றே எல்லோரும் நினைப்பார்கள். கீறல் 2, 3 வாரத்தில் ஆறிவிடும், இது ஆறாது.

புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். அதுவாகவே இருந்தாலும், நுனியோடு நிற்கும்போது காது மடலை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். காது கேட்பதில் குறை வராது. உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் இந்த வாரமே காட்டுங்கள். அங்கே வசதி இல்லாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கழுத்து மருவையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

மருவுக்குச் சுண்ணாம்பு, காதுக்கு யூடியூபில் பார்த்த டீ ட்ரீ ஆயில்! இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். உடம்பில் எது பட்டாலும் பூனை நக்கியே தீரும். சுண்ணாம்பு நாக்கைப் புண்ணாக்கிவிடும். அந்த எண்ணெய் தோல் வழியாகவே உள்ளே இறங்கி நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். வலிக்குமே என்று பாரசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

காலை 10 முதல் மாலை 4 வரை வளவுக்கு விடாமல் உள்ளறையில் வைத்திருங்கள். பேத்தியின் செல்போனில் பூனையின் பழைய படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். காது விளிம்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.