வளாகத்துக்கே போகாதவர் மாணவர் வசதிக் கட்டணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நிரந்தர வதிவுரிமையுடன் வசிக்கிறேன். வேலை பார்த்தபடியே பகுதிநேரமாக, இணையவழியில் முதுகலை படிக்கிறேன். 2025ஆம் ஆண்டுக்கான மாணவர் சேவை மற்றும் வசதிக் கட்டணமாகப் பல்கலைக்கழகம் 365 டாலர் கேட்கிறது. அங்குள்ள உடற்பயிற்சிக் கூடத்தையோ மனநல ஆலோசனையையோ நான் பயன்படுத்தியதில்லை. மாணவர் சங்கத்தின் அரசியலிலும் எனக்கு உடன்பாடில்லை. கட்ட மறுக்கலாமா?

பதில்: சேவைகளைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. ஆனால் உங்களிடம் கேட்கப்பட்டுள்ள தொகை தவறானது என்றே கருதுகிறேன்.

உயர்கல்வி ஆதரவுச் சட்டம், 2003இல் 2011ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தமே, ஆண்டுதோறும் உயர்த்தப்படும் உச்சவரம்புக்கு உட்பட்டு இக்கட்டணத்தை வசூலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அதிகாரம் தருகிறது. மாணவர் ஒருவர் சேவைகளைப் பயன்படுத்துகிறாரா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. 2025க்கான உச்சவரம்புதான் அந்த 365 டாலர். பகுதிநேர மாணவர்களிடம், முழுநேர மாணவர்களிடம் வசூலிக்கப்படும் அதிகபட்சத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அதன்படி உங்களிடம் கேட்கக்கூடியது அதிகபட்சம் 273.75 டாலர் மட்டுமே. பாடப்பதிவு விவரத்தை இணைத்து, இந்த விதியைக் குறிப்பிட்டு, திருத்திய கட்டணச் சீட்டைத் தருமாறு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள்.

மாணவர் சங்கத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. சங்கத்தில் சேருமாறு உங்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை. இக்கட்டணத்தில் ஒரு டாலரைக்கூட அரசியல் கட்சிக்கோ, நாடாளுமன்ற, மாநில, உள்ளாட்சித் தேர்தல்களில் போட்டியிடுவோருக்கோ செலவிட முடியாது. உடல்நலம், குழந்தைப் பராமரிப்பு, விளையாட்டு, வேலைவாய்ப்பு உதவி, சட்ட உதவி என்று சட்டம் பட்டியலிட்டுள்ள நோக்கங்களுக்கே அது போக வேண்டும். ஆனால் 2025 முதல் வசூலில் குறைந்தது 40 சதவீதத்தை மாணவர்களே நடத்தும் அமைப்புகளுக்கு வழங்க வேண்டும் என்பதால், உங்கள் பணம் சங்கத்துக்குப் போவதை முற்றிலும் தடுக்க வழியில்லை. இது நியாயம்தான் என்பது என் கருத்து. கட்டாயக் கட்டணம் இல்லாதிருந்த 2006 ஜூலை முதல் 2011 இறுதி வரையிலான காலத்தில் பல வளாகங்களில் சேவைகள் சுருங்கின. அந்த இழப்பு, வெளியே காசு கொடுத்து உதவி பெற இயலாத மாணவர்களையே அதிகம் வாட்டியது.

இக்கட்டணத்துக்கென எஸ்ஏ-ஹெல்ப் என்ற அரசுக் கடன் உண்டு. அது முக்கியமாகக் குடிமக்களுக்கும் நிரந்தர மனிதாபிமான விசா உள்ளவர்களுக்கும் உரியது. சாதாரண நிரந்தர வதிவுரிமை மட்டும் போதாது. ஆகவே, நீங்கள் கையிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். கெடு தேதிக்குள் திருத்தம் வராவிட்டால், ஆட்சேபத்தை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு முழுத் தொகையையும் கட்டிவிடுவதே பாதுகாப்பு. சில நூறு டாலருக்காகப் பாடப்பதிவோ பட்டச் சான்றிதழோ முடங்க இடம்கொடுக்காதீர்கள். கூடுதலாகக் கட்டியதைப் பின்னர் திரும்பக் கேட்கலாம்.

பல்கலைக்கழகத்தின் உள் முறையீட்டில் தீர்வு கிடைக்காவிட்டால், 2025 பிப்ரவரி 1 முதல் செயல்படும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். அதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக வாதாடும் ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அத்தகைய உதவியும் பெரும்பாலும் இக்கட்டணத்திலிருந்தே நடக்கிறது; இணையவழி மாணவராகிய உங்களுக்கும் அதைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.