கேளுங்கள் மிஸ்: கீமோவுக்குப் பிறகு வந்த காய்ச்சல்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, மார்புப் புற்றுநோய். இரண்டாவது கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது. ரோட்டில் யானை நிற்கும் என்ற பயத்தில் இரண்டு பனடோல் கொடுத்தோம். வியர்த்துக் காய்ச்சல் விட்டது, நித்திரையானா. விடிய எழுப்பினால் ஆளை மாறிப் பேசினா. ஆஸ்பத்திரிக்குப் போனதும் பிரஷர் இறங்கிவிட்டது, இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். இப்ப வீட்டில் இருக்கிறா. வந்து பார்க்கிற சனம், வீடு சுத்தமில்லாமல்தான் இப்படி வந்தது என்று சொல்லுது. எங்கட பிழையா மிஸ்? அடுத்த கீமோவை நினைத்தாலே பயமாக இருக்கு.
– ஒரு மகள், வெல்லாவெளி

பதில்: மகள், சனம் சொல்வதைக் கேட்டு அழ வேண்டாம். இந்த நேரத்தில் இரத்தத்துக்குள் போகிற கிருமி அனேகமாக அம்மாவின் சொந்தக் குடலில் இருப்பதுதான். ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் சுகதேகிகளின் குடலிலும் குடியிருப்பவை. கீமோ மருந்து புற்றுநோயைத் தாக்கும்போது வாயிலும் குடலிலும் உள்ள மென்மையான தோலையும் புண்ணாக்குகிறது. அந்தப் புண் வழியாகக் கிருமி உள்ளே போகும். தடுக்க வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளணுவும் அந்த நாட்களில் இல்லை. கீமோ ஏற்றி 7 முதல் 14 நாள் வரைக்கும்தான் அது ஆகக் குறைவாக இருக்கும். அம்மாவுக்கு ஒன்பதாம் நாள், கணக்குச் சரி. எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 500க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். வீட்டைக் கூட்டிக் கழுவி இதைத் தடுத்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பனடோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீழ் என்பதே செத்த வெள்ளணுக்கள்தான். வெள்ளணு இல்லாதவருக்குச் சீழும் வராது, காயம் சிவந்து வீங்காது, நிமோனியா வந்தாலும் சளி பெரிதாக இராது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் உடம்பு தருகிற தகவல். பனடோல் கொடுத்தால் அதுவும் மறைந்துவிடும், கிருமி மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும்.

நான் தாதியாக வார்ட்டுக்கு வந்த புதிதில், லியுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் உள்ள ஒரு தம்பி இரவு பத்து மணிக்குக் காய்ச்சலோடு வந்தான். சிரித்துப் பேசி, தேத்தண்ணி கேட்டுக் குடித்தான். ஆள் நல்லாத்தானே இருக்கிறான் என்று கட்டில் தேடி, விரிப்பு மாற்றி, அதன் பிறகுதான் மருந்தைக் கரைக்கப் போனேன். திரும்பி வரும்போது அவன் கை சில்லிட்டிருந்தது. அன்றிலிருந்து கீமோக்காரருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு ஊசி முதல், கட்டில் பிறகு.

ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி நரம்பில் ஏற வேண்டும். முதலில் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுப்பார்கள், ஆனால் முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். முன்பெல்லாம் அதற்குக் காத்திருந்தார்கள். சூடோமோனாஸ் கிருமி அதற்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். 1971இல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், முடிவுக்குக் காத்திராமல் காய்ச்சல் கண்டவுடனேயே கார்பெனிசிலினும் ஜென்டமைசினும் சேர்த்துக் கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார்கள். இன்று பிப்பரசிலின்-டாசோபக்டம், செபிப்பிம், மெரோபெனம் போன்றவை வந்துவிட்டன. முறை அதேதான்.

வீட்டில் தேர்மோமீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். 38.3 பாகை ஒரு தடவை காட்டினாலும், 38 ஒரு மணித்தியாலம் நின்றாலும், பனடோல் கொடுக்காமல் புறப்படுங்கள். பரனைற்றில் என்றால் 101, 100.4. குளிர் நடுக்கம், மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போக வேண்டும். மலவாசல் வழியாகச் சூடு பார்ப்பதோ மருந்து வைப்பதோ கூடாது, அந்த இடம் கிழிந்தால் அதுவும் கிருமிக்கு வழி.

யானைப் பயம் எனக்குத் தெரியும், எனக்கும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைதான். அதனால்தான் 1990க்கு எடுக்கச் சொல்கிறேன், இலவச அம்புலன்ஸ். பட்டிருப்புப் பாலம் தாண்டினால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இருக்கிறது, மட்டக்களப்பு வரை ஓட வேண்டியதில்லை. வாசலிலேயே “கீமோ ஏற்றி இத்தனையாம் நாள், காய்ச்சல்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்காதீர்கள். போன தடவை வீட்டுக்கு விடும்போது தந்த நோய் விபர அட்டையையும் (டயக்னோசிஸ் காட்) கொண்டுபோங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது என்பது அதில் இருந்தால் இந்த முறை சரியான மருந்தை முதல் ஊசியிலேயே போடலாம்.

வயல் பக்கம் அம்மாவை விடாதீர்கள், அதுவும் மாரியில். நம் சேற்றிலும் வெள்ளத்திலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. சீனி வருத்தமும் இருந்தால் இரட்டை ஆபத்து. அதற்கு மருந்தே வேறு கணக்கு: இரண்டு கிழமை ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை.

அடுத்த கீமோவுக்கு முன் வைத்தியரிடம், வெள்ளணுவைக் கூட்டும் பில்கிராஸ்டிம் ஊசி போடலாமா, கீமோ மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு அதை யோசிப்பார்கள். பயத்தில் கீமோவை நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மா எருமைத் தயிருக்கு ஆசைப்பட்டால், கீமோ ஏற்றின பிறகு வரும் இரண்டு கிழமை மட்டும் சட்டித் தயிர் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளணு ஏறிவிட்டதென்று எப்.பி.சி. என்ற இரத்த அணுச் சோதனை காட்டினதும் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாங்கிக் கொடுங்கள்.