சிக்கிக்கொண்ட குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோபி செய்யலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. தொப்புளில் சில ஆண்டுகளாகக் குடலிறக்கம் இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும். "திடீரென்று சிக்கிக்கொண்டால் வயிற்றைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய நேரிடும்" என்கிறார்கள். அவசரத்தில், சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

வயிற்றுச் சுவரின் குறுகிய துளையில் குடல் மாட்டிக்கொண்டால் முதலில் அதிலிருந்து ரத்தம் திரும்புவது தடைபடும். குடல் வீங்கும், பிறகு உள்ளே வரும் ரத்தமும் நிற்கும். சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கலாம். ஆகவே அறுவை மருத்துவரின் முதல் கவலை, குடல் பிழைக்குமா என்பதுதான்.

லேப்ராஸ்கோபியின் பெரிய பலம் இங்கேதான். மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்ததும், மாட்டியிருந்த குடல் சில சமயம் தானாகவே உள்ளே நழுவிவிடும். வீக்கத்தின் மேல் மட்டும் கீறினால் அந்தப் பகுதியைத் தேடிப் பிடிப்பது கடினம். கேமரா வழியே குடல் முழுவதையும் பார்த்துவிடலாம். விடுவித்தபோது கருஞ்சிவப்பாக இருந்த குடல், சில நிமிடங்கள் காத்திருந்தால் இளஞ்சிவப்பாக மாறி அசையத் தொடங்கலாம். அப்படியானால் அதை வெட்ட வேண்டியதில்லை. நிறம் திரும்பாவிட்டால் அந்தப் பகுதியை அகற்றி இணைக்க வேண்டும். காயத்தில் சீழ் பிடிப்பதும் இம்முறையில் குறைவு. சர்க்கரை நோயாளிக்கு இது சிறிய நன்மை அல்ல.

ஆனால் குடல் மிகவும் உப்பியிருந்தால் கருவிகளை நகர்த்த இடம் இருக்காது, பிடிக்கும்போதே கிழியலாம். ரத்த அழுத்தம் சரிந்தவர்களும், வயிற்றில் செலுத்தும் கரியமில வாயுவை இதயமோ நுரையீரலோ தாங்காதவர்களும் திறந்த முறைக்கே உரியவர்கள். குடல் ஓட்டையாகி மலம் கசிந்திருந்தால் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே சுத்தம் செய்வார்கள். அப்போது வயிற்றுச் சுவரைப் பலப்படுத்தும் செயற்கை வலை வைப்பதையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். லேப்ராஸ்கோபியில் தொடங்கிப் பாதியில் திறப்பதும் உண்டு. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், அது மருத்துவரின் நிதானம்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது உள்ளே போகிறது என்பதால், சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிட்டுத் திட்டமிட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்வதே என் அறிவுரை. அதற்குள் வீக்கம் கல்லாக இறுகி வலித்தாலோ, மேல்தோல் சிவந்தாலோ, வாந்தி வந்து காற்றும் பிரியாமல் போனாலோ, அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள். லேப்ராஸ்கோபி வசதி தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். அவசர அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள்.